நாலாம் மாடிக் கிழக்கு ஜன்னல்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொல்லிவைத்தவர்கள், சொந்த வீட்டை வாடகைக்கு விட்டுப் பார் என்று மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்திருக்கலாம். முதல் இரண்டிலும் செலவோடு போய்விடும். மூன்றாவதில் பொறாமையும் உண்டு.

திரையக்காவுக்கு அந்தப் பொறாமை பதினோரு மாதமாக இருந்தது. அவள் ஜன்னல் திரை தைக்கும் கடையில் பதினாறு வருஷமாக வேலை பார்க்கிறவள். வீடு வீடாகப் போய் ஜன்னல்களை அளப்பாள், துணியை வெட்டித் தைப்பாள், கடைசியில் ஏணியில் ஏறி மாட்டியும் கொடுப்பாள். கடையில் எல்லோரும் திரையக்கா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். சம்பளப் பட்டியலில் இருக்கும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே ஒரு நிமிஷம் கழித்துத்தான் திரும்பிப் பார்ப்பாள்.

அவள் கணவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். ஊரெல்லாம் ஆட்களை மேலே ஏற்றி இறக்குகிறவர் வாங்கிய வீடு நாலாவது மாடியில், லிஃப்டே இல்லாத கட்டடத்தில் இருந்தது. இதைச் சொல்லிச் சிரிக்காத சொந்தக்காரர் கிடையாது. சிரிக்கட்டும். லிஃப்ட் இல்லாததால்தான் அது அவர்கள் கைக்கு எட்டியது. பதினெட்டு வருஷச் சேமிப்பு, அவள் கழுத்துச் சங்கிலி, அவர் பகலில் ஒன்றும் ராத்திரியில் ஒன்றுமாகப் பார்த்த இரண்டு வேலை எல்லாவற்றையும் கூட்டினாலும் விலையில் கால்வாசி தேறவில்லை. மீதிக்கு வங்கிதான் கதி. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று இருந்திருந்தால் அவர்கள் அந்தப் படியிலேயே ஏறியிருக்க மாட்டார்கள்.

ஆனால் லிஃப்ட்காரர் கணக்குப் போட்டுத்தான் இறங்கினார். "இப்ப இருக்கிற ரூம்லயே இருப்போம். அந்த வீட்டை வாடகைக்கு விடுவோம். வர்ற வாடகை தவணையில முக்கால்வாசியைக் கட்டிடும். முதல்ல வீடு நமக்கு உழைக்கட்டும், அப்புறம் நாம வீட்டுக்குள்ள போவோம்" என்றார். சரி என்று அவளும் தலையாட்டினாள். சாவி கைக்கு வந்த அன்று போய்ப் பார்த்தவள், காலை எட்டு மணிக்குக் கூடத்து ஜன்னல் வழியாக வெயில் தரை முழுக்க வந்து விழுந்திருப்பதைப் பார்த்தாள். அத்தோடு அவள் தலையாட்டல் போன இடம் தெரியவில்லை.

அவர்கள் குடியிருந்தது டயர் கடைக்குப் பின்னால் ஓர் ஒற்றை அறை. அதற்கும் ஜன்னல் உண்டு. திறந்தால் அடுத்த கட்டடத்துச் சுவர். கையை நீட்டினால் தொடலாம். பட்டப்பகலில் விளக்கு போட்டுத்தான் அரிசி பொறுக்க வேண்டும். ஊர் முழுக்க ஜன்னலை அலங்கரிக்கிறவள் தன் ஜன்னலுக்கு ஒரு முழத் துணி போட்டதில்லை. அது எதை மறைக்க? சுவரையா?

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். வளையை வாங்கி, அதில் வேறொருத்தியைக் குடிவைத்துவிட்டு வெளியில் நிற்கிற எலியைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லிவைக்கவில்லை. கூடத்து ஜன்னலின் அகலம் நாற்பத்தேழு அங்குலம், படுக்கையறை நாற்பத்தாறரை, சமையலறை முப்பத்தொன்று. பத்திரம் பதிந்த மறுநாளே அளந்து நோட்டில் எழுதிக்கொண்டாள். கடையில் வெளிர்மஞ்சளில் ஒரு துணி வந்தபோது, அதில் பதினைந்து கெஜம் தனக்கென்று ஒதுக்கி, அடித்தட்டில் காகிதம் சுற்றி வைத்தாள். வாடகை ஒப்பந்தம் எழுதப் போன கணவரிடமும் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "சுவர்ல ஆணி அடிக்கக் கூடாதுன்னு எழுதுங்க. முதல் ஆணி நான்தான் அடிப்பேன்."

பதினோரு மாதம் பொறுத்தாள். பிறகு ஒரு நாள் சாப்பாட்டுக்கு நடுவில் சொல்லிவிட்டாள்.

"என்னங்க, ஒரு வருஷ ஒப்பந்தம் முடியப் போவுது. நாமளே போயிடலாமா? ஹோட்டல் ஒண்ணுக்குத் திரை தைக்கிற வேலையை ஞாயித்துக்கிழமைகள்ல பாக்கறியான்னு கடைக்காரர் கேட்டாரு. நான் பாக்கறேன். தவணையைச் சமாளிச்சுடலாம்."

அவர் பிசைந்த சோற்றையே மறுபடி பிசைந்தார். இன்னும் நாலு வருஷத்தில் இரண்டாவது வீடு என்று அவர் மனதில் ஒரு மாடி எழுந்து நின்றது அவளுக்கும் தெரியும். ஆனாலும் அவர், "உனக்கு ஆசையா இருந்தா சரி, போவோம். குடியிருக்கிறவங்ககிட்ட நான் சொல்லிடறேன்" என்றார். மறுவாரம் கேட்டபோது, "சொல்லிட்டேன், சொல்லிட்டேன்" என்று இரண்டு தடவை சொன்னார். ஒரு தடவை சொன்னால் போதுமான விஷயத்தை மனிதன் இரண்டு தடவை சொன்னால் உஷாராக வேண்டும். சந்தோஷத்தில் அவள் அதைக் கவனிக்கவில்லை.

அந்த வாரமே கடைக்காரர் ஓர் ஆர்டர் சீட்டை அவளிடம் நீட்டினார்.

"மூணு ஜன்னல். இருட்டுத் திரை வேணுமாம், வெளிச்சமே வரக் கூடாதாம். அஞ்சு மணிக்கு மேலதான் வரணுமாம். நாலாவது மாடி, லிஃப்ட் இல்லை. உன்னை விட்டா இங்க யாரும் ஏற மாட்டாங்க, போயிட்டு வந்துடு தாயே."

முகவரியைப் படித்த திரையக்கா சீட்டைத் திருப்பிப் பார்த்தாள், பின்பக்கம் வேறு முகவரி இருக்குமோ என்பதுபோல. அவளுடைய வீடேதான்.

காலி பண்ணச் சொன்ன பிறகும் ஒருத்தி மூன்று ஜன்னலுக்குத் திரை தைக்கச் சொல்கிறாள் என்றால் என்ன அர்த்தம்? போக மாட்டேன் என்று அர்த்தம். இல்லையென்றால், கட்டின புருஷன் வாய்கூசாமல் பொய் சொல்லியிருக்கிறார் என்று அர்த்தம். இரண்டில் எது நல்லது என்று யோசித்துக்கொண்டே அவள் பஸ் ஏறினாள். இரண்டுமே நல்லதாகத் தெரியவில்லை.

குடியிருப்பவள் ஓர் ஆஸ்பத்திரி நர்ஸ், அவள் கணவன் லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் பாதி நாள் வெளியில்தான் என்கிற அளவுக்குத்தான் திரையக்காவுக்குத் தெரியும். வாடகைக்கு விட்ட அன்று அவள் வேறோர் இடத்தில் அறுபது ஜன்னல்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அதனால் நர்ஸும் அவளைப் பார்த்ததில்லை. நாலு மாடி ஏறி மூச்சு வாங்க நின்றபோது, அழைப்புமணிக்குப் பக்கத்தில் ஓர் அட்டை தொங்கியது. 'இரவு வேலை. பகலில் தூங்குகிறேன். அவசரம் என்றால் மட்டும் மணி அடிக்கவும்.' மணி ஐந்தே கால் ஆகியிருந்தது. தன் வீட்டு மணியைத் தானே அடித்துவிட்டுக் காத்திருந்தாள்.

கதவைத் திறந்தவளுக்கு முப்பது வயதிருக்கும். முகத்தில் ஒரு பக்கம் தலையணை மடிப்பு விழுந்திருந்தது.

"கடையிலேருந்தா? வாங்கக்கா, வாங்க. மூச்சு வாங்குதே, முதல்ல உக்காருங்க. தண்ணி கொண்டாறேன்."

உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுக்கிற வீடுகள் குறைவு. பதினாறு வருஷத்தில் எண்ணிவிடலாம். திரையக்காவுக்குக் கோபப்பட வந்த இடத்தில் தாகம் எடுத்துவிட்டது. தண்ணீரைக் குடித்துக்கொண்டே சுற்றிப் பார்த்தாள். சுவர்கள் வாங்கிய அன்று எப்படி இருந்தனவோ அப்படியே இருந்தன. ஒரு காலண்டர்கூட இல்லை. கல்யாணப் படம் தரையில் சுவரோரமாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. தங்கள் படத்தைத் தாங்களும் அப்படித்தான் வைத்திருக்கிறோம் என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது, சட்டென்று வேறு பக்கம் பார்த்தாள். அங்கே பார்த்தது இன்னும் மோசம். சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில் இருந்த இரண்டரை அடி இடைவெளியில் ஒரு மெத்தை விரித்திருந்தது.

"இங்க யாரு படுக்கறாங்க?"

"நான்தான்க்கா. ராத்திரி முழுக்க வார்டுல நின்னுட்டு எட்டு மணிக்கு மேல வருவேன். அப்போ பாத்து இந்த வெயில் வருது பாருங்க, கூடமும் ரூமும் ஒரே வெளிச்சம். அட்டை ஒட்டிப் பாத்தேன், மதியம் டேப்பு கழண்டு மூஞ்சி மேல விழுது. அலமாரியை நகர்த்தி மறைச்சுப் பாத்தேன். கடைசியில இந்த இடம்தான் இருட்டா இருக்குன்னு கண்டுபிடிச்சேன். தலைமாட்டுல குளியல் ரூம், கால்மாட்டுல அடுப்பு. ராஜ வாழ்க்கை." அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பு குறைந்தது. "போன வாரம் வார்டுல நின்னுக்கிட்டே கண்ணசந்துட்டேன்க்கா. கையில ஊசி. பெரியவர் ஒருத்தர், 'என்னம்மா தூங்கறியா'ன்னு கேட்டதும்தான் முழிச்சேன். ரொம்ப பயந்துட்டேன். அன்னைக்கே முடிவு பண்ணினேன், என்ன செலவானாலும் திரை போட்டுடணும்னு."

திரையக்கா எழுந்து நோட்டை எடுத்தாள். என்ன பேசுவது என்று தெரியாதபோது அவள் அளவு எழுதுவாள். நாற்பத்தேழு, நாற்பத்தாறரை, முப்பத்தொன்று என்று மளமளவென்று எழுதி முடித்தாள்.

"அளக்கவே இல்லையேக்கா?"

அவள் கை நின்றது. "கண்ணளவு" என்றாள். "இனிமேத்தான் டேப்பு வெச்சுச் சரிபாக்கணும்." சொன்ன பொய்க்காக ஏணியில் ஏறி ஒவ்வொரு ஜன்னலையும் மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளந்தாள். அளவு இம்மி பிசகவில்லை. நர்ஸ் வாயைப் பிளந்தாள். "உங்க கண்ணு இருந்தா எங்க ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே மெஷினே வேணாம்."

பிறகு அவள் குரலைத் தாழ்த்தினாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. ஆனாலும் குடியிருப்பவர்கள் ஓனரைப் பற்றிப் பேசும்போது குரல் தானாகத் தாழும். "அக்கா, ஆணி அடிக்காம மாட்ட முடியுமா?"

"கனமான துணி. ரெண்டு பக்கமும் துளை போட்டுத் திருகினாத்தான் நிக்கும். ஏன்?"

"ஆணியே அடிக்கக் கூடாதுன்னு ஒப்பந்தத்துல இருக்கு. ஓனர் சார் தங்கமானவர்க்கா. சாவி ரெண்டையும் எங்க கையிலயே குடுத்துட்டாரு. வேற எந்த ஓனர் குடுப்பான்? அவர் சம்சாரம்தான் ரொம்ப கறாராம்."

"யாரு சொன்னா?"

"சாரே சொன்னாரு. 'நான் ஒண்ணும் சொல்லலம்மா, வீட்டம்மா ஆர்டர்'னாரு."

திரையக்கா டேப்பைச் சுருட்டினாள். சுருட்டிய டேப்பை விரித்து மறுபடி சுருட்டினாள். ஒன்று நிச்சயமாகிவிட்டது. காலி பண்ணும்படி இவளிடம் யாரும் சொல்லவில்லை.

"நீயே போய்க் கேக்கலாமே? கேட்டா விடுவாங்களோ என்னவோ."

"கேட்டா நம்மளை ஞாபகம் வந்துடும்க்கா. ஞாபகம் வந்தா வாடகையை ஏத்தணும்னு தோணும், இல்லை காலி பண்ணச் சொல்லத் தோணும். நாலு வருஷத்துல மூணு வீடு மாறிட்டேன். மாசா மாசம் வாடகையைக் குடுத்துட்டு, இருக்கிற இடம் தெரியாம இருந்துடணும்."

இது திரையக்காவே தன் கணவரிடம் சொல்கிற வாக்கியம். வார்த்தை மாறாமல் அப்படியே வேறொருத்தி வாயிலிருந்து வந்தது.

"இந்த ஜன்னலுக்குத் தெச்சது வேற ஜன்னலுக்குச் சேராது" என்று கடைசியாகச் சொல்லிப் பார்த்தாள். "பணம் வீணாப் போகும். யோசிச்சுக்கோ."

"தெரியும்க்கா. ஆனா நாளைக்குப் போகணுமோன்னு பயந்து இன்னைக்குத் தூங்காம எத்தனை நாள்தான் இருக்கிறது?"

ஆணி விஷயத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு அவள் இறங்கினாள். மூன்றாவது மாடித் திருப்பத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள். பாவம், அவளுக்கு நர்ஸைப் பிடித்துவிட்டது. பிடிக்காத ஆளிடம் வீட்டைத் திருப்பி வாங்குவது எவ்வளவு சுலபம்!

அன்று இரவு லிஃப்ட்காரர் கைகழுவிக்கொண்டு வந்து உட்காருவதற்குள் அவள் ஆரம்பித்தாள்.

"சொல்லிட்டேன், சொல்லிட்டேன்னீங்களே. யார்கிட்ட சொன்னீங்க? படிக்கட்டுகிட்டயா?"

அவர் முழித்த முழி, நடுவழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் இருப்பவர் முழி. அவள் நடந்ததைச் சொன்னாள். அவர் துண்டால் ஏற்கெனவே காய்ந்த கையை மறுபடி துடைத்தார்.

"மூணு நாள் போனேன். மதியச் சாப்பாட்டு நேரத்துல. நீ அந்த அட்டையைப் பாத்தியா? அவசரம்னா மட்டும் மணி அடிக்கச் சொல்லி எழுதியிருக்கு. இது அவசரமான்னு யோசிச்சேன். பதினெட்டு வருஷம் பொறுத்தவங்களுக்கு இன்னைக்கு மதியம் என்ன அவசரம்? வந்துட்டேன்."

"சாயங்காலம் போறதுக்கென்ன?"

"சாயங்காலம் எங்கயோ லிஃப்ட் நின்னுபோச்சு."

"மூணு நாளுமா?"

"மூணு நாளும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். சிரித்துவிட்டால் வீடு போய்விடும். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நாம நாலாவதா இருந்த வீடு ஞாபகம் இருக்கா? உனக்குக் காய்ச்சல், எந்திரிக்கக்கூட முடியல. அந்த ஓனர் உள்ள வந்து கட்டில் பக்கத்துலயே நின்னுக்கிட்டு, மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணணும்னு சொன்னான். நீ எழுந்து உக்காந்து, முடியை அள்ளி முடிஞ்சுக்கிட்டே, 'சரிங்க'ன்னு சொன்ன. காய்ச்சலோட. எனக்கு அது போகவே மாட்டேங்குது. தூங்கிட்டிருக்கிற ஒருத்தியை எழுப்பி அதையே நான் சொல்றதா? எனக்கு வாய் வரலை. உன்கிட்ட அதைச் சொல்லவும் வாய் வரலை. நீ அவ்வளவு ஆசையா இருந்த."

அவள் சோற்றைப் போட்டுத் தட்டை அவர் முன்னால் வைத்தாள். விளக்கை அணைத்த பிறகுதான் பேசினாள்.

"ஞாயித்துக்கிழமை காலைல மாட்டப் போறேன். நீங்களும் துளை போடற மெஷினை எடுத்துக்கிட்டு வாங்க. திரைக்காசை நாம கடைக்குக் கட்டிடுவோம். ஒப்பந்தம் முடிஞ்சும் ரெண்டு மாசம் கூட இருந்துக்கட்டும். நானே எடுத்துச் சொல்லிக்கறேன்."

"மாட்டிட்டுச் சொல்லப் போறியா? மாலையைப் போட்டுட்டு ஆட்டை வெட்டற மாதிரியா?"

"அப்ப முதல்ல சொல்லிட்டு மாட்டறேன்."

"அதுக்கு மாட்டாமயே இருக்கலாம்."

"நான் அந்த வீட்டுல இருக்கணும்ங்க" என்றாள். இருட்டில் அது அழுகை மாதிரிக் கேட்டது. "ஒரு நாளாவது இருக்கணும்." அவர் கையை நீட்டி அவள் தலையைத் தொட்டார், அவ்வளவுதான் அவரால் முடிந்தது.

திரை தைக்க மூன்று நாள் ஆனது. கருநீலத் துணி, உள்ளே வெளிச்சம் புகாத தடித்த லைனிங். மடிப்பு அழகாக விழ ஜன்னலைப் போல் இரண்டு மடங்கு துணி வைத்தாள். கீழ் மடிப்பு நாலு அங்குலம். ஓரத்தில் ஊசிமுனை வெளிச்சம்கூட வரக் கூடாது என்று இரண்டு பக்கமும் மூன்று அங்குலம் அதிகமாக விட்டாள். மூன்று மாசத்தில் கழற்றப் போகிற திரைக்கு எதற்கு இத்தனை பாடு என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். கை கேட்கவில்லை. கைக்குத் தெரிந்த தையல் ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கே இருவரும் நாலாவது மாடிப் படியில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அவர் மடியில் துளை போடும் மெஷின், அவள் மடியில் திரைக்கட்டு. மனதிற்குள் அவள் சொல்ல வேண்டியதை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'தப்பா எடுத்துக்காதம்மா' என்று ஆரம்பிக்க வேண்டும். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டியதைச் சொல்லப் போகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள்.

எட்டே முக்காலுக்கு நர்ஸ் படியேறி வந்தாள். முதலில் திரையக்காவைப் பார்த்துச் சிரித்தாள். அடுத்தாற்போல் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தாள்.

"சார்... நீங்களா?"

லிஃப்ட்காரர் எழுந்து நின்றார். ஓனர் குடியிருப்பவளைப் பார்த்து எழுந்து நிற்பது அந்தக் கட்டடத்தில் அதுவே முதல் தடவையாக இருக்கும். "இது... என் சம்சாரம்மா" என்றார்.

நர்ஸ் அவரைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள். கண்ணளவு எப்படி இம்மி பிசகாமல் இருந்தது என்பது அவளுக்குப் புரிந்தது முகத்தில் தெரிந்தது. அக்கா போய் மேடம் வந்துவிட்டது.

"மேடம், அன்னைக்கு நான் ஏதோ வாய் தவறி... கறார்னு..." முடிக்கவில்லை. ஓனர்கள் இரண்டு பேரும் நேரில் வந்தால் அது எதற்கு என்று குடியிருப்பவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அவள் பையைப் படியில் வைத்தாள். ராத்திரி முழுக்க நின்றதில் அவிழ்ந்திருந்த முடியை இரண்டு கையாலும் அள்ளி முடிந்துகொண்டாள். "காலி பண்ணச் சொல்ல வந்திருக்கீங்களா?" என்று கேட்டாள். சரிங்க என்று சொல்லத் தயாராக இருந்த குரல் அது.

திரையக்கா வாயைத் திறந்தாள். நாலு நாளாக ஓட்டிப் பார்த்த வாக்கியம் நாக்கு நுனியில்தான் இருந்தது.

"ஆணி அடிக்க வந்தோம்" என்றாள்.

பக்கத்தில் லிஃப்ட்காரர் மூச்சு விட்டது மூன்றாவது மாடி வரைக்கும் கேட்டிருக்கும்.

நர்ஸுக்கு விளங்க ஒரு நிமிஷம் பிடித்தது. விளங்கியதும் அழுதுவிட்டாள். அழுதுகொண்டே சாவியைத் தேடினாள், சாவி பையில் இருப்பது தெரியாமல் இடுப்பைத் தடவினாள். "அழாதேம்மா, முதல்ல கதவைத் திற" என்று திரையக்கா அதட்டினாள். கறாரான ஓனர் என்று பெயர் வாங்கியாகிவிட்டது, அதையாவது காப்பாற்ற வேண்டாமா?

"தூங்கற ரூமை முதல்ல முடிச்சிடலாம்" என்று அவர் சுவரில் மெஷினை வைத்தார். பழைய சுவர் பொலபொலவென்று உதிர்ந்தது. அவள் கீழே காகிதம் விரித்துத் தூளைப் பிடித்தாள். கம்பி ஏறியது, திரை ஏறியது. இரண்டு பக்கத்தையும் இழுத்துச் சேர்த்ததும் காலை ஒன்பதரை மணி அந்த அறையில் நடுராத்திரி ஆனது. "கையை நீட்டினாக்கூடத் தெரியலைக்கா" என்றாள் நர்ஸ் இருட்டுக்குள்ளிருந்து. அக்கா திரும்பி வந்துவிட்டிருந்தது.

"அந்த மெத்தையை இங்க கொண்டாந்து போடு. ஒப்பந்தத்தை ரெண்டு வருஷத்துக்கு எழுதிக்கலாம். வாடகை அதேதான். அதுவரைக்கும் நீ பயப்படாம இரு" என்றாள் திரையக்கா. இருட்டில் சொன்னது நல்லதாகப் போயிற்று. சொல்லும்போது தன் முகம் எப்படி இருந்தது என்று அவளுக்கே தெரியாது.

கூடத்து ஜன்னலுக்குக் கம்பியை அளந்து, சுவரில் பென்சிலால் குறி போட்டுவிட்டு, துளை போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்க அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். உடனே கால்விரலில் நடந்து திரும்பி வந்தார்.

"தூங்கிட்டா. வேலைச் சட்டையைக்கூட மாத்தலை."

அப்போதுதான் சிக்கல் புரிந்தது. மெஷினைப் போட்டால் கட்டடமே அதிரும், அவள் விழித்துவிடுவாள். அப்படியே போய்விடலாம் என்றால், கதவை வெளியிலிருந்து பூட்டச் சாவி வேண்டும். சாவி இரண்டையும் பெரிய மனதோடு குடியிருப்பவர்களிடமே கொடுத்த மகாராசன் எதிரில் நிற்கிறார். ஒன்று அவள் கணவனோடு லாரியில் போய்விட்டது, நர்ஸிடம் இருக்கும் மற்றொன்றால் பூட்டிக்கொண்டு போனால் அவள் உள்ளே மாட்டிக்கொள்வாள். தனியாகப் பெண் தூங்கும் வீட்டைத் திறந்துபோட்டுவிட்டும் போக முடியாது.

"எழுப்பட்டுமா?" என்று அவர் கிசுகிசுத்தார், தன்னால் முடியாது என்று தெரிந்துகொண்டே.

வேண்டாம் என்று அவள் தலையை ஆட்டினாள். கூடத்தில் வெறுந்தரையில், சுவரில் சாய்ந்து இருவரும் உட்கார்ந்தார்கள். எங்கோ கீழே யாரோ பாத்திரம் துலக்கினார்கள். குழாயில் தண்ணீர் ஏறும் சத்தம் கேட்டது. தன் வீட்டுக் குழாய் தண்ணீர் ஏறும்போது இப்படிச் சத்தம் போடும் என்பதே அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. தரைக்கல்லில் ஒன்று ஆடியது, அதைக் காலால் அழுத்திப் பார்த்தாள். சமையலறை மேடை தனக்குச் சரியான உயரம்தானா என்று ஒரு தடவை சத்தமில்லாமல் போய் நின்று பார்த்துவிட்டு வந்தாள். சரியான உயரம்தான். சொந்த வீட்டில் அவர்கள் இருந்த முதல் பகல் அது. திருட வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

"ரெண்டு வருஷம்னுட்டியே" என்றார் அவர் மெதுவாக.

"ம்."

"வருத்தமா?"

"இருக்கு" என்றாள். "நிறைய இருக்கு. ஆனா அவ முடியை முடிஞ்சா பாத்தீங்களா? அதுக்கப்புறம் இந்த வீட்டுல என்னால தூங்க முடியாது."

அவர் மெஷினைச் சுவரோரம் நகர்த்தி வைத்தார். பிறகு ரொம்பவும் பொறுப்பான குரலில், "ரெண்டு வருஷம் முடிஞ்சதும் பாரு, நானே நேரா வந்து கதவைத் தட்டிச் சொல்லிடறேன்" என்றார்.

"நீங்களா? நீங்க தட்டுவீங்க!"

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. உள்ளே ஒருத்தி தூங்குகிறாளே என்று முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது, கண்ணில் தண்ணீர் கொட்டியது. சிரிப்பு எங்கே முடிந்தது, மற்றது எங்கே தொடங்கியது என்று அவள் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். ஒன்றும் கேட்காமல் நகர்ந்து வந்து தோளைக் கொடுத்தார். அவள் சாய்ந்துகொண்டாள்.

நர்ஸ் விழிக்க மதியம் மூன்று மணியானது. அதுவரை அவர்கள் எழுந்திருக்கவில்லை.